அரூர் பக்கம் ஒரு மனித உரிமை வக்கீலின் வேலை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் வழக்கு நடத்தும் வக்கீல் நான். சட்டக் கல்லூரிப் பிள்ளைகளும், பிள்ளையைச் சட்டம் படிக்க வைக்கலாமா என்று யோசிக்கும் பெற்றோரும், வழக்கோடு வருகிறவர்களும் என்னிடம் கேட்ட கேள்விகளை இங்கே எழுதிவைக்கிறேன். சில கேள்விக்குப் பதில் நீளும், சிலது இரண்டு வரியில் முடியும்.

மனித உரிமை வக்கீல் என்று தனிப் பட்டம் உண்டா?

இல்லை. 1961ஆம் ஆண்டின் வழக்கறிஞர்கள் சட்டப்படி எல்லோரும் வழக்கறிஞர்தான். நில வழக்கு நடத்துகிறவரும் நானும் ஒரே கறுப்புக் கோட்டுதான் போடுகிறோம். எந்த வழக்கைக் கையில் எடுக்கிறோம், யாருக்காக நிற்கிறோம் என்பதை வைத்து ஊர் கொடுக்கும் பெயர் இது.

எங்கள் பக்கத்தில் அது எப்படிப்பட்ட வழக்காக வரும் என்று சொல்கிறேன். விசாரணைக்கு என்று ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போய் அடித்து அனுப்பப்பட்டவர். செங்கல் சூளையில் அட்வான்ஸ் வாங்கிவிட்டு வெளியே வரமுடியாமல் கிடக்கும் குடும்பம். பிளஸ் டூ முடித்தும் பழங்குடிச் சான்றிதழ் கிடைக்காமல் கோட்டாட்சியர் அலுவலகத்துக்கு நடையாய் நடக்கும் குருமன்ஸ் பையன். மூன்று தலைமுறையாய் உழும் மலைக்காட்டுக்குப் பட்டா கேட்கும் மலையாளிப் பழங்குடியினர். சாதி மாறிக் கல்யாணம் செய்துகொண்டு, பாதுகாப்பு கேட்டுப் பையோடு வந்து நிற்கும் பிள்ளைகள். இவர்களில் பலருக்கு எதிராளி அரசாங்கமாக இருக்கும், இல்லையென்றால் ஊராக இருக்கும். இரண்டில் ஊரை எதிர்ப்பதுதான் பல நேரம் கடினம்.

ஒரு நாள் வேலை எப்படி இருக்கும்?

சினிமாவில் வரும் வாதம் எல்லாம் மாதத்தில் சில மணி நேரம்தான். மீதி நேரம் காகிதம் சேர்ப்பது, ஆட்களைத் தேடிப்போவது, காத்திருப்பது.

ஒரு சம்பவம் சொல்கிறேன். ஜூனியராக இருந்த காலம். மாலை ஆறரை இருக்கும். மலைக்கிராமத்து ஆள் ஒருவரை ரிமாண்டுக்குக் கொண்டுவந்தார்கள். மாஜிஸ்திரேட் வீட்டு வாசலில் மனைவி கைக்குழந்தையோடு நின்றிருந்தார். அந்த ஆளோ வேட்டியை இடது கையாலேயே பிடித்துக்கொண்டிருந்தார். "வலது கையில் என்னண்ணா?" என்று கேட்டேன். பதில் இல்லை, பக்கத்தில் நின்ற காவலரைப் பார்த்தார். உள்ளே போனதும் என் சீனியர் வேறு எதுவும் பேசவில்லை. "அய்யா, இவர் வலது கையைத் தூக்கச் சொல்லுங்கள்" என்று மட்டும் கேட்டார். அவரால் தோளுக்கு மேல் தூக்க முடியவில்லை. மாஜிஸ்திரேட் அதை ரிமாண்டு உத்தரவில் இரண்டு வரி எழுதி, அரசு மருத்துவமனைக்கு அனுப்பச் சொன்னார். பல வருடம் கழித்து அந்த வழக்கு எங்கள் பக்கம் நின்றதற்கு அந்த இரண்டு வரிதான் காரணம்.

என்னிடம் ஜூனியராக வருகிற பிள்ளைகளுக்கு நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதுதான்: முதல் நாள் காகிதத்தை விட்டுவிடாதீர்கள். பத்து வருடம் கழித்து யாருக்கும் எதுவும் ஞாபகம் இருக்காது. அன்று எழுதி, சீல் வாங்கி வைத்த காகிதம்தான் பேசும்.

வாச்சாத்தி வழக்கு பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். அதில் சட்டப்படி என்னதான் நடந்தது?

அரூர் வட்டத்தில் சித்தேரி மலை அடிவாரத்தில் உள்ள பழங்குடி ஊர் வாச்சாத்தி. 1992 ஜூன் 20 அன்று சந்தனக்கட்டை தேடுகிறோம் என்று வனத்துறையினர் 155 பேர், காவல்துறையினர் 108 பேர், வருவாய்த்துறையினர் 6 பேர், மொத்தம் 269 பேர் ஊருக்குள் புகுந்தார்கள். ஆட்களை அடித்தார்கள், வீடுகளைச் சூறையாடினார்கள். 18 பெண்களை வல்லுறவு செய்தார்கள். பெண்களையும் குழந்தைகளையும்கூட வழக்குப் போட்டுச் சேலம் சிறைக்கு அனுப்பினார்கள். தப்பித்தவர்கள் மலையேறி ஒளிந்தார்கள். ஊரே காலியானது.

மலைவாழ் மக்கள் சங்கத்தினரும் மார்க்சிஸ்ட் கட்சியினரும் ஊருக்குள் போனபிறகுதான் விஷயம் வெளியே வந்தது. கட்சியின் அன்றைய மாநிலச் செயலாளர் ஏ. நல்லசிவன் உச்ச நீதிமன்றம் போனார். அங்கிருந்து வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்துக்கு வந்தது. பட்டியல் சாதி, பழங்குடி ஆணையத்தின் இயக்குநராக இருந்த பாமதி நேரில் வந்து விசாரித்து அறிக்கை கொடுத்தார். மேலே நான் சொன்ன முதல் காகிதம் என்பது இந்த வழக்கில் அந்த அறிக்கைதான். ஓர் அரசு அதிகாரி, சம்பவம் நடந்த அதே ஆண்டில், ஊரைக் கண்ணால் பார்த்து எழுதியது. சி.பி.ஐ. விசாரணைக்கு உயர் நீதிமன்றம் 1995இல்தான் உத்தரவிட்டது.

அப்புறம் வருடங்கள் ஓடின. தருமபுரி முதன்மை மாவட்ட அமர்வு நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது 2011 செப்டம்பர் 29. அதற்குள் குற்றம்சாட்டப்பட்டவர்களில் 54 பேர் இறந்துவிட்டார்கள். மீதி 215 பேரும் குற்றவாளிகள் என்று தீர்ப்பு வந்தது, அதில் 17 பேர் வல்லுறவுக் குற்றத்துக்காகவும் தண்டிக்கப்பட்டார்கள். எல்லோரும் உயர் நீதிமன்றத்துக்கு மேல்முறையீடு போனார்கள். சரியாக 12 வருடம் கழித்து, 2023 செப்டம்பர் 29 அன்று நீதிபதி பி. வேல்முருகன் அத்தனை மேல்முறையீட்டையும் தள்ளுபடி செய்தார். தீர்ப்புக்கு முன் அவரே வாச்சாத்திக்கு வந்து ஊரைப் பார்த்துவிட்டுப் போனார். பாதிக்கப்பட்ட 18 பெண்களுக்கும் தலா 10 லட்சம் இழப்பீடு, அதில் பாதியை வல்லுறவுக் குற்றவாளிகளிடமிருந்தே வசூலிக்க வேண்டும் என்றார். அன்றைய கலெக்டர், எஸ்.பி., மாவட்ட வன அதிகாரி மீதும் நடவடிக்கை எடுக்கச் சொன்னார்.

31 வருடம். அந்தப் பெண்கள் கோர்ட்டு கோர்ட்டாக வந்து நின்றார்கள். பயமுறுத்தலுக்கும் ஆசைகாட்டலுக்கும் மசியவில்லை. வக்கீல்கள் திறமையானவர்கள்தான், ஆனால் சாட்சி கூண்டில் பிறழாமல் நின்றதால்தான் அந்தத் திறமைக்கு வேலை இருந்தது. சாட்சிகளை அத்தனை வருடம் தனியாக விடாமல் கூடவே இருந்தது சங்கம். மனித உரிமை வழக்கைத் தனி வக்கீல் ஜெயித்துவிட முடியும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

வீட்டில் ஒருவரைப் போலீஸ் கூட்டிப்போய்விட்டது. வக்கீல் வருவதற்குள் என்ன செய்வது?

இந்தக் கேள்வி எனக்கு இரவு பத்து மணிக்கு மேல்தான் போனில் வரும். அதனால் விரிவாகவே சொல்கிறேன்.

எந்த ஸ்டேஷன், எத்தனை மணி, வந்த வண்டி எண், வந்தவர்கள் சீருடையில் இருந்தார்களா, பார்த்த இரண்டு பேர் யார் என்பதை உடனே ஒரு தாளில் எழுதுங்கள். ஆத்திரத்தில் ஸ்டேஷன் வாசலில் சத்தம் போட வேண்டாம். உங்கள் மேல் இன்னொரு வழக்கு வரும், அவ்வளவுதான் பலன்.

கைது என்றால் கைதுக் குறிப்பு எழுத வேண்டும், அதில் சாட்சி கையெழுத்து வேண்டும், உறவினருக்குத் தகவல் சொல்ல வேண்டும். இதெல்லாம் 1996இல் டி.கே. பாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னவை. அந்த வழக்கு ஒரு கடிதத்தில் தொடங்கியது. லாக்கப் சாவுகள் பற்றிய பத்திரிகைச் செய்திகளை இணைத்து, மேற்கு வங்கத்திலிருந்து 1986இல் தலைமை நீதிபதிக்கு எழுதிய கடிதம் அது. 2024 ஜூலை 1 முதல் குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாகப் புதிய பி.என்.எஸ்.எஸ். வந்துவிட்டது, ஆனால் இந்தப் பாதுகாப்புகள் அதிலும் இருக்கின்றன. கைதுக்கான காரணத்தைச் சொல்ல வேண்டும் (பிரிவு 47), பயண நேரம் போக 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும் (பிரிவு 58), மருத்துவப் பரிசோதனை செய்ய வேண்டும் (பிரிவு 53).

24 மணி நேரம் தாண்டியும் காட்டவில்லை, இல்லை "எங்களிடம் இல்லை" என்கிறார்கள் என்றால், கலெக்டர், எஸ்.பி., மாநில மனித உரிமை ஆணையம் மூவருக்கும் புகார் அனுப்புங்கள். முன்பெல்லாம் தந்தி கொடுப்போம். தந்தி 2013இல் நின்றது. பதிவுத் தபாலும் 2025இல் ஸ்பீடு போஸ்ட்டோடு சேர்ந்துவிட்டது. ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். அந்த ரசீதில் உள்ள தேதியும் நேரமும் பிற்பாடு பெரிய சாட்சி. ஆளைக் கோர்ட்டில் கொண்டுவந்து நிறுத்தச் சொல்லும் ஆட்கொணர்வு மனு போடச் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போக வேண்டும், நம் மாவட்டங்களுக்கு மதுரைக் கிளை கிடையாது.

அடிபட்டிருந்தால் ரிமாண்டின்போது மாஜிஸ்திரேட்டிடம் வாய்விட்டுச் சொல்லச் சொல்லுங்கள். பயத்தில் "இல்லை" என்று தலையாட்டினால், பிற்பாடு நாங்கள் எவ்வளவு பேசினாலும் அந்த இல்லை குறுக்கே நிற்கும். அரசு மருத்துவமனையில் காயத்தைப் பதிந்து போடும் ஏ.ஆர். (விபத்துப் பதிவேடு) நகலை வாங்குங்கள். அப்புறம் கேமரா. காவல் நிலையங்களில் கேமரா பொருத்தி, பதிவுகளைக் குறைந்தது ஓராண்டாவது வைத்திருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2020 டிசம்பரில் சொன்னது. அந்தப் பதிவைப் பாதுகாக்கச் சொல்லி முதல் வாரத்திலேயே மனுக் கொடுங்கள். அதே ஆண்டு ஜூனில் சாத்தான்குளம் காவல் நிலையத்தில் அடிபட்ட அப்பாவும் மகனும் இறந்தது நினைவிருக்கும். தினமும் பதிவு அழிந்துவிடும்படி அங்கே கேமரா அமைக்கப்பட்டிருந்ததை விசாரணைக்குப் போன மாஜிஸ்திரேட் எழுதினார். அந்த இரவு நடந்ததைச் சொல்ல ஒரு பெண் தலைமைக் காவலர் முன்வந்தார். காவல்துறைக்குள்ளும் இப்படி ஆட்கள் இருக்கிறார்கள், நான் மறக்காமல் சொல்வதுண்டு.

கையில் காசு இல்லையா? 15100 என்ற எண்ணுக்குக் கூப்பிடுங்கள், இல்லை கோர்ட்டு வளாகத்திலேயே இருக்கும் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், காவலில் இருப்பவர்கள் எல்லோருக்கும் வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு. 1987 சட்டம் கொடுத்த உரிமை அது, கூச்சப்படாதீர்கள்.

மனித உரிமை ஆணையத்துக்குப் போனால் பலன் உண்டா?

உண்டு, ஆனால் சம்பவம் நடந்து ஓராண்டுக்குள் போக வேண்டும். ஓராண்டு தாண்டினால் ஆணையம் விசாரிக்க முடியாது. எங்கள் மலைக்கிராமங்களில் பலர் ஆணையம் என்று ஒன்று இருப்பதையே இரண்டாவது வருடம்தான் கேள்விப்படுகிறார்கள். வெள்ளைத்தாளில் தமிழில் எழுதினால் போதும், கட்டணம் இல்லை. ஆணையத்தின் பரிந்துரை அரசைக் கட்டுப்படுத்தும் என்று சென்னை உயர் நீதிமன்ற முழு அமர்வு 2021இல் சொன்ன பிறகு அதன் உத்தரவுக்குக் கனம் கூடியிருக்கிறது. குற்றவியல் வழக்குக்கு அது மாற்று ஆகாது. இரண்டும் தனித்தனியாக நடக்கட்டும்.

எங்கே படிக்கலாம்? எவ்வளவு நாள்?

பிளஸ் டூ முடித்து ஐந்து வருடம், இல்லை டிகிரி முடித்து மூன்று வருடம். 2017இல் தருமபுரியிலேயே அரசு சட்டக் கல்லூரி வந்துவிட்டது. நாங்கள் படித்தபோது சேலத்துக்கோ சென்னைக்கோ பெட்டி தூக்க வேண்டியிருந்தது. இப்போது பென்னாகரத்துப் பெண் வீட்டிலிருந்தே பஸ்ஸில் போய்ப் படிக்கிறாள். எத்தனை அப்பாக்கள் அதனால் சம்மதித்தார்கள் என்று எனக்குத் தெரியும்.

படித்து முடித்ததும் தமிழ்நாடு, புதுச்சேரி பார் கவுன்சிலில் பதிவு. பதிவுக் கட்டணமாகப் பொதுப் பிரிவினரிடம் 750 ரூபாய்க்கு மேலும், பட்டியல் சாதி, பழங்குடியினரிடம் 125 ரூபாய்க்கு மேலும் வாங்கக்கூடாது என்று 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதன்பின் இரண்டு வருடத்துக்குள் அகில இந்திய பார் தேர்வு.

தமிழ் வழியில் படித்தவன். தாக்குப்பிடிக்க முடியுமா?

தம்பி, நம் வேலையில் தமிழ்தான் முதல் மூலதனம். அமர்வு நீதிமன்றம் வரை சாட்சியம் தமிழில்தான். மலையிலிருந்து வரும் அம்மா "அந்தி மசங்கின நேரம்" என்று சொன்னால், அது எத்தனை மணி என்று தெரிந்து கேள்வி கேட்பவன்தான் நல்ல வக்கீல். குறுக்கு விசாரணையில் "மணி என்ன?" என்று அதட்டிக் கேட்டே சாட்சியைக் கலைத்துவிடுவார்கள். தேன்கனிக்கோட்டை, தளி, ஓசூர் பக்கம் போவதாக இருந்தால் கன்னடமும் தெலுங்கும் காதில் விழுந்து பழக வேண்டும்.

உயர் நீதிமன்றத்துக்கு ஆங்கிலம் வேண்டும்தான். தினம் ஒரு தீர்ப்பை அகராதி வைத்துக்கொண்டு முழுசாகப் படியுங்கள். ஒரே வருடத்தில் வித்தியாசம் தெரியும். எனக்கு அப்படித்தான் வந்தது.

வருமானம்?

ஒளிக்காமல் சொல்கிறேன். முதல் மூன்று, நான்கு வருடம் கஷ்டம். ஜூனியருக்கு மாதம் குறைந்தது 15,000 ரூபாயும், சென்னை, மதுரை, கோவையில் 20,000 ரூபாயும் தர வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2024இல் சொன்னது. எல்லா ஆபீசிலும் அது கைக்கு வருகிறது என்று நான் சொல்லமாட்டேன். சேரும்போதே கேட்டுவிடுங்கள், கேட்பதில் தப்பில்லை.

என் வீட்டுச் சோறு பெரும்பாலும் வாகன விபத்து வழக்குகளிலிருந்து வருகிறது. தொப்பூர் கணவாயில் விபத்து நடக்காத மாதம் குறைவு. இழப்பீட்டு வழக்குகள் நியாயமான வருமானம் தரும். கூடவே கொஞ்சம் பாகப்பிரிவினை, ஜீவனாம்சம். அந்தப் பணம்தான் காசு வாங்கமுடியாத வழக்குகளுக்குப் பஸ் செலவு. இந்தத் துறையில் நிலைத்து நிற்கும் பலர் இப்படித்தான் நிற்கிறார்கள். வருமானத்துக்கு ஒரு வழி வைத்துக்கொள்ளாமல் வந்த நல்ல பிள்ளைகள் சிலர் மூன்றாம் வருடமே மனம் உடைந்து போய்விட்டார்கள். அது எனக்கு இன்னும் வருத்தம்.

வழக்கு நடக்கும்போதே ஊரில் சமரசம் பேசுகிறார்களே, வக்கீல் என்ன செய்ய வேண்டும்?

பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு எதிரான வன்கொடுமை வழக்குகளில் இது வராமல் இருக்காது. 2012 நவம்பர் 7 அன்று நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி தலித் காலனிகள் எரிந்தபிறகு இந்த மாவட்டத்தில் சாதி வழக்கு என்றாலே ஒரு பதற்றம். பெரிய மனிதர்கள் வந்து "ஒரே ஊரில் இருக்கிறோம், விட்டுக்கொடுத்துப் போங்கள்" என்பார்கள். பாதிக்கப்பட்டவர் அதே ஊரில்தான் தண்ணீர் பிடிக்க வேண்டும், அவர்கள் தோட்டத்திலேயே கூலிக்குப் போக வேண்டும். அதனால் நான் கோபப்படுவதில்லை. கையில் இருக்கும் உரிமைகளைச் சொல்லிவிடுவேன்: விசாரணை செய்வது டி.எஸ்.பி. பதவிக்குக் குறையாதவராக இருக்க வேண்டும், தீருதவித் தொகை (அரசு தரும் நிவாரணம்) உண்டு, சாட்சி சொல்ல வரும் நாளுக்குப் பயணப்படி உண்டு, வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 15ஏ பிரிவின்படி ஜாமீன் விசாரணையில் பாதிக்கப்பட்டவரையும் கேட்க வேண்டும், நம்பிக்கையான மூத்த வக்கீலை நியமிக்கச் சொல்லி 4(5) விதிப்படி கலெக்டரிடம் கேட்கலாம். இதையெல்லாம் கேட்ட பிறகும் வேண்டாம் என்றால், அது அவர்கள் வாழ்க்கை. பயணப்படி கிடைக்காமல் ஒரு நாள் கூலியும் போய், நான்கு வாய்தாவுக்குப் பிறகு சாட்சி வராமல் போனால் அவரைக் குறை சொல்லமாட்டேன். படியை வாங்கிக்கொடுக்காத என்னைத்தான் சொல்ல வேண்டும்.

ஆந்திரச் சிறைகளில் இருக்கும் நம் ஆட்களுக்கு இங்கிருந்து என்ன செய்யமுடியும்?

கட்டட வேலை என்று ஏஜென்ட் கூட்டிப்போவார், செம்மர வழக்கில் பிடிபட்டார் என்று பத்து நாள் கழித்துத் தகவல் வரும். 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலம் காட்டில் ஆந்திரப் போலீஸ் சுட்டு இறந்த 20 பேரில் சித்தேரி மலைப் பக்கத்துக்காரர்களும் உண்டு. வழக்குக் காகிதம் தெலுங்கில் இருக்கும், வீட்டுக்காரரிடம் இருப்பது ஒரு போன் நம்பர் மட்டும். முதலில் எந்தச் சிறை என்று கண்டுபிடிப்பது, அந்த மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கு எழுதுவது, ஜாமீனுக்கு ஆள் ஏற்பாடு செய்வது என்று வேலை போகும். ஜாமீன் கிடைத்தும் பிணையாளி இல்லாமல் மாதக்கணக்கில் உள்ளே கிடப்பவர்கள்தான் அதிகம் என் நெஞ்சை அறுப்பவர்கள்.

குற்றம் செய்தவனுக்கும் ஏன் வக்கீல்?

செய்தானா இல்லையா என்று தீர்மானிப்பது கோர்ட்டு. அதுவரை அடிக்க யாருக்கும் அதிகாரம் இல்லை. வாச்சாத்திக்காரர்களையும் சந்தனக்கட்டைத் திருடர்கள் என்றுதான் முதலில் சொன்னார்கள்.

பெண்கள் வரலாமா? மிரட்டல் வராதா?

வரலாம், வர வேண்டும். சில விஷயங்களைப் பெண்கள் பெண் வக்கீலிடம்தான் வாய்திறந்து சொல்வார்கள். மிரட்டல் எப்போதாவது வரும். தனியாக மலைக்குப் போகாமல் இருப்பது, போகும் இடத்தை ஆபீசில் சொல்லிவிட்டுப் போவது, வந்த போனைத் தேதி போட்டுக் குறித்துவைப்பது எல்லாம் பழகிவிடும்.

மாணவர்கள் வாச்சாத்திக்குப் போய்ப் பார்க்கலாமா?

போங்கள், அரூரிலிருந்து பஸ் இருக்கிறது. ஆனால் போவதற்கு முன் 2011 தீர்ப்பையும் 2023 தீர்ப்பையும் படித்துவிட்டுப் போங்கள். அந்தப் பெண்களிடம் அன்று என்ன நடந்தது என்று கேட்காதீர்கள். அதை போலீஸிடம், சி.பி.ஐ.யிடம், கோர்ட்டில், பத்திரிகைக்காரர்களிடம் என்று எத்தனையோ முறை சொல்லியாகிவிட்டது. கேட்பதென்றால், கோர்ட்டுக்கு எப்படி வந்து போனீர்கள், பஸ்ஸுக்கு யார் காசு கொடுத்தார்கள், அன்று பிள்ளைகளை யார் பார்த்துக்கொண்டார்கள் என்று கேளுங்கள். நாளைக்கு உங்கள் சாட்சிக்கும் இதே கஷ்டங்கள்தான் வரும். டீ கொடுத்தால் குடித்துவிட்டு, கடைசி பஸ்ஸுக்கு முன் கிளம்பிவிடுங்கள். அவர்களுக்குக் காலையில் காட்டு வேலை இருக்கும்.